பத்தாவது உடுப்பு

குற்றாலம்,
ஜூன் 22.

அன்புள்ள வித்யா,

நானும் குழலியும் சுகம். கடை சுமார். அருவி ரொம்ப நல்ல சுகம், நேற்றிலிருந்து சாரல் விடவே இல்லை. திருப்பூரில் நீ சுகமாக இருப்பதாகத் தினமும் போனில் சொல்கிறாய், நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன், அதனால் காகிதத்தில் எழுதி அனுப்ப வேண்டும் என்று கட்டளை போட்டுவிட்டாய். பயிற்சிக்கு வந்தவர்களின் ஃபைலில் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று உங்கள் கம்பெனி மகாதேவன் சாரும் சொல்கிறாராம். கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் உனக்குக் கடிதம் எழுதியதில்லை. ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிற முதல் கடிதம், குற்றாலத்து அருவியில் பெண்கள் என்ன உடுத்திக் குளிக்கிறார்கள் என்பதைப் பற்றி. என் தலையெழுத்தைப் பார்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது உன் காதில் போடுவதற்குள். திங்கட்கிழமை காலையில் கடையைப் பக்கத்துக் கடை அல்தாபிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பேரருவியில் பெண்கள் பக்கம் போகிற வழியில் நோட்டும் பேனாவுமாக நின்றேன். நைட்டி பதினாலு, சுடிதார் ஒன்பது, சேலை ஆறு, இவ்வளவுதான் எழுதியிருப்பேன். ஒரு பெண் போலீஸ் வந்து நோட்டைப் பிடுங்கிவிட்டார். என்னய்யா எழுதுதீரு என்று கேட்டார். என் பெண்டாட்டி எழுதச் சொன்னாள் என்றேன். அதைவிட மோசமான பதில் இந்த ஊரிலேயே கிடையாது. அப்புறம் உன் போட்டோவைக் காட்டி, நீ மூன்று வருஷம் திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போய் வந்து ஃபேஷன் டிசைன் படித்த கதையைச் சொல்லி, இப்போது பனியன் கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி, அதில் அருவிக்குளியலுக்கென்றே ஒரு உடுப்பு தயாரிக்கப் போகிறாய் என்றெல்லாம் விளக்கி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் ஒன்று சொன்னார். குளிக்கவங்களைப் பாத்து என்ன தெரியப்போவுது, உம்ம கடைக்கு வாறவங்களைப் பாரும்வே என்றார்.

வித்யா, அந்தப் பேச்சு எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கடையில் உட்கார்ந்து பார்த்தேன். சீசனில் துண்டுக்கு அடுத்தபடியாக நம் கடையில் அதிகம் போவது என்ன தெரியுமா? நைட்டி இல்லை, டிராயர் இல்லை. ஊக்கு! அட்டை அட்டையாகப் போகிறது. பதினைந்து வருஷமாக விற்கிறேன். எத்தனை வேண்டும் என்று கேட்டிருக்கிறேனே தவிர எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. குளிக்கப் போகிறவர்களுக்கு ஊக்கு எதற்கு?

நான் கேட்டால் மறுபடியும் போலீஸ்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆய்க்குடியிலிருந்து வந்த முத்துவடிவு அக்காவைக் கடையில் உட்காரவைத்தேன். உன் மதினிக்குக் கூச்சம் என்பது எந்தக் கடையில் விற்கும் என்றே தெரியாது. ஊக்கு வாங்கிய அத்தனை பேரிடமும், ஏட்டி, இது எங்கன குத்தப்போற என்று கேட்டுவிட்டாள். அவர்களும் சொன்னார்கள். அருவித் தண்ணீர் மேலே விழுந்ததும் நைட்டி குடை மாதிரி விரிந்து தூக்குமாம், அதற்காகக் காலுக்கு நடுவில் சேர்த்து ஒன்று. மேலே போட்ட துண்டு நழுவாமல் தோளில் இரண்டு. தாலிச் செயின் அடித்துக்கொண்டு போகாமல் உள்ளே ஒன்று. சேலைக்காரர்கள் ஆறு, ஏழு குத்துகிறார்கள். இத்தனையும் குத்தி, அப்படியும் நம்பிக்கை இல்லாமல் ஒரு கையால் உடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் நிற்கிறார்களாம்.

ஆண்கள் பக்கம் நாங்கள் ஒரு டிராயரைப் போட்டுக்கொண்டு ஆனந்தமாகக் குளித்துவிட்டு வருகிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் இவ்வளவு வேலை நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. உன்னைக்கூட எத்தனை தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். நீ ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?

அக்கா சொல்லச் சொல்ல எழுதிய நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். குழலிக்கு இப்போது இரட்டை ஜடை பின்னக் கற்றுக்கொண்டேன். வகிடு மட்டும் கோணுகிறது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டதற்கு, எங்க அப்பா இப்பத்தான் படிக்காங்க என்று சொன்னாளாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
தில்லைநாயகம்.


குற்றாலம்,
ஜூலை 14.

அன்புள்ள வித்யா,

பார்சல் வந்தது. பத்து உடுப்பும் பத்திரமாக இருந்தன. பிரித்ததும் குழலிக்கு ஒரே சந்தேகம். இது சட்டையா, நிக்கரா என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். வெளியே பார்த்தால் முழங்காலுக்குக் கீழே இறங்குகிற மேல்சட்டை, உள்ளே அதோடு சேர்த்துத் தைத்த கால்சட்டை. மார்புக்கு மேல் இரண்டாவதாக ஒரு மடிப்பு, துண்டே தேவைப்படாதபடி. செயினையும் சாவியையும் போட்டு மூடிக்கொள்ள ஒரு பை, அதற்கு அடியில் தண்ணீர் வடிய வலைத்துணி. ஒரு ஊக்குக்கும் வேலையில்லை. கையில் எடுத்துப் பார்த்தால் பூப்போல லேசாக இருக்கிறது. விளையாட்டுக்காரர்கள் போடுகிற பாலியஸ்டர் பனியன் துணி என்று எழுதியிருந்தாய். நீதான் இதை வெட்டினாயா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்தையலை அல்தாபும் பார்த்துவிட்டு, யார் தச்சது அண்ணாச்சி என்று கேட்டான். சொன்னேன். கொஞ்சம் அலட்டலாகத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை போனில் நீ சொன்ன விஷயத்தையும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் இருபதாம் தேதி மகாதேவன் சார் பார்வைக்கு வைப்பார்கள், இந்த உடுப்பு தேறிவிட்டால் பயிற்சி முடிந்ததும் வீட்டுக்கு வர வேண்டியதில்லை, அங்கேயே நிரந்தர வேலை என்றாய். சந்தோஷம். உன் குரலிலேயே தெரிந்தது. அங்கே தண்ணீர் எல்லாம் எப்படி? உப்பா, நல்ல தண்ணியா? தலைமுடி கொட்டுகிறதா?

உடுப்பு விஷயம். ஞாயிற்றுக்கிழமை அக்கா பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் குளிக்க வைத்தாள். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பழகின நைட்டியே போதும் என்கிற மாதிரிதான் இருந்தார்கள். ஊர்க்காரர்கள் புதுசை அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியாததா. நோட்டில் எழுதுகிற அளவுக்கு விசேஷம் இல்லை, அதனால் இந்தத் தடவை நோட்டு வைக்கவில்லை.

ஒன்பது உடுப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்தாவது, அலசும்போது தையல் விட்டு, தண்ணீர் வேகத்தில் கையை விட்டுப் போய்விட்டது.

குழலி, செப்டம்பரில் அம்மா வந்துவிடுவாளா என்று தினமும் கேட்கிறாள். சாரலில் அவளுக்கு லேசாகச் சளி பிடித்திருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தில்லைநாயகம்.


குற்றாலம்,
ஆகஸ்ட் 3.

என் வித்யாவுக்கு,

மலையில் நல்ல மழை. எல்லா அருவியிலும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். பஜாரே ஈயோட்டுகிறது. மத்தியானம் மூன்று மணிக்குக் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டுத்தான் போன் பண்ண வேண்டும். பாதியில் பண்ணினால் எடுக்க மாட்டேன்.

போன கடிதத்தில் நான் எழுதியது பொய்.

பத்தாவது உடுப்பு அருவியோடு போகவில்லை. வடகரை ஹாஜரா பீவி லாத்தா அதைத் திருப்பித் தரமாட்டேன் என்று வைத்துக்கொண்டார்கள். உனக்கு அவர்களைத் தெரியும், வாரம் தவறாமல் குடும்பத்தோடு வந்து நம் கடையில் துண்டு வாங்குவார்களே, அவர்கள்தான். ஈர உடுப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வேணும்னா உம்ம பெண்டாட்டிய வந்து கேக்கச் சொல்லும் தம்பி, இது எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டார்கள்.

நோட்டில் எழுத விசேஷம் இல்லை என்றேன் அல்லவா? ஆறு பக்கம் இருந்தது. அக்கா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, பெரிய துண்டுகள் அடுக்கியிருக்கிற அலமாரியில் அடியில் வைத்துவிட்டேன். இப்போது இத்துடன் அனுப்புகிறேன். இருந்தாலும் சிலதை என் கையாலேயே இன்னொரு தடவை எழுதுகிறேன், அதுதான் எனக்குச் சரியான தண்டனை.

முத்துவடிவு அக்கா சொன்னது: ஊக்கு தேடாம அருவிக்குப் போனது எனக்கு இதான் மொத தடவ. தென்காசியிலிருந்து வந்த சண்முகப்பிரியா என்ற காலேஜ் பெண் சொன்னது: குளிச்சிட்டு இதோடயே ரோட்டுல நடந்துபோய் பஜ்ஜி தின்னோம் அண்ணாச்சி, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல, அதான் எனக்குப் பிடிச்சுது. செங்கோட்டை டீச்சர் ஒருத்தர் உன் பைக்குள் செயினை வைத்துவிட்டு, அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க மறந்தே போய்விட்டாராம்.

ஹாஜரா லாத்தா சொன்னதைக் கடைசியாக எழுதுகிறேன். கல்யாணமாகி வந்து முப்பது வருசமா இந்த அருவிக்கு வாறேன், இன்னைக்குத்தான் ரெண்டு கையையும் மேல தூக்கி நின்னேன். இதைச் சொல்லும்போது அவர்கள் கையைத் தூக்கியே காட்டினார்களாம். அக்கா அதைச் சொல்லும்போது அவளும் தூக்கிக் காட்டினாள். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். பயந்துவிட்டேன் வித்யா. வேறு காரணமே இல்லை. உடுப்பு தேறிவிட்டால் நீ வரமாட்டாய். ஆறே மாதம், கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுவாள் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவர்களுக்குச் சொன்னதாகத்தான் நினைத்திருந்தேன், எனக்கேதான் சொல்லிக்கொண்டிருந்தேன் போல. பொய் எழுதிய அன்றைக்கு எனக்குப் பெரிய குற்றவுணர்ச்சி ஒன்றும் வரவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பார்சலைப் போட்டுவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

வந்தது அப்புறம்தான். கடிதம் கிடைத்ததும் நீ போன் பண்ணினாய். அழுவாய், இல்லாவிட்டால் சண்டை பிடிப்பாய் என்று நினைத்தேன். சரி, விடுங்க, செப்டம்பர்ல வந்திருதேன் என்றாய். அப்புறம், அந்தப் பத்தாவது எந்த அளவு, எந்தத் தையல் விட்டுச்சு, கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டாய். வேலையே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிற நேரத்திலும் உனக்கு அந்தத் தையல்தான் கவலை. சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து ஊக்கு அட்டையைப் பார்த்தாலே எனக்கு உன் கேள்விதான் காதில் விழுகிறது.

போன புதன்கிழமை ஹாஜரா லாத்தா வந்தார்கள். உடுப்பைக் கொண்டுவந்து மேசையில் வீசினார்கள். மோந்து பாருங்க தம்பி என்றார்கள். மோந்தேன். எண்ணெய்ச் சிக்கு வாடை குப்பென்று அடித்தது. மூணு வாரம் மூணு குளி, ஒவ்வொரு தடவையும் தோய்த்துத்தான் காயப்போட்டிருக்கிறார்கள். தண்ணீர் அரைமணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, எண்ணெய் மட்டும் போகவே இல்லை. தச்ச உங்க வீட்டுப் புள்ளைக்கு எழுதிப் போடுங்க, இதைச் சரிபண்ணித் தந்தா எங்க தெருவுல இருவது பேரு போடுவோம் என்றார்கள். அன்னைக்கு நான் கையத் தூக்கி நின்னதை எழுதிப் போட்டுட்டியளா, அந்தப் புள்ளைக்குப் பிடிச்சிருந்துதா என்று வேறு கேட்டார்கள்.

இப்போது கவனமாகப் படி. உங்கள் கம்பெனியில் உப்புத் தண்ணீரில் சோதித்தீர்கள், நீச்சல்குளத்து மருந்துத் தண்ணீரில் சோதித்தீர்கள் என்று எழுதியிருந்தாய். தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு யாராவது நின்றார்களா? குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவியில் நிற்கிறார்கள். மகாதேவன் சாருக்கு அது தெரியாது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தென்காசியில் பிறந்த நீ மறந்தாய். நாலு கடைக்கு ஒரு எண்ணெய்க்கடை இருக்கிற பஜாரில் உட்கார்ந்திருக்கிற நானும் மறந்தேன். கண்ணுக்கு முன்னால் இருப்பது தெரியாமல் போவதில் நமக்குள் நல்ல பொருத்தம்.

எனக்கு அதற்கப்புறம் இருப்புக் கொள்ளவில்லை. வியாழக்கிழமையிலிருந்து தடை ஆகிவிட்டதா, வேலையும் இல்லை. என்னுடைய பழைய கிரிக்கெட் பனியனை வெட்டினேன், அதுவும் உன் துணி மாதிரிதான். ஒரு பருத்தி பனியனையும் வெட்டினேன். இரண்டிலும் நல்லெண்ணெய் ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, சோப்புப் போட்டு அலசிக் காயவைத்தேன். மோந்து பார்ப்பதற்குக் குழலிதான் நீதிபதி. கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாவது அலசலில் பருத்தியில் வாடை இல்லை என்று சொல்லிவிட்டாள். பாலியஸ்டர் ஐந்து அலசலுக்கும் அப்படியே. சந்தேகப்பட்டு அல்தாபையும் மோக்க வைத்தேன். அவன் வேறு வழியில்லாமல் மோந்தான், அவன் சொன்னதும் அதேதான்.

ஆனால் முழுதும் பருத்தியில் தைத்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்து இழுக்கும், அது நைட்டியேதான். இதை யோசித்துக்கொண்டு லாத்தாவின் உடுப்பை விரித்துப் பார்த்தேன். எண்ணெய்க் கறை எல்லா இடத்திலும் இல்லை. கழுத்து, தோள், முதுகில் ஒரு சாண், அவ்வளவுதான். கீழே சுத்தமாக இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் கறை தெரியாத அடர்நிறப் பருத்தியில் வைத்து, மீதியை உன் துணியிலேயே தைத்தால் என்ன? படித்தவள் நீ, சிரித்தாலும் சிரி. கறை எதுவரை வந்திருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். லாத்தாவுக்கு இன்னொரு ஆசையும் உண்டு, அதே துணியில் தலைக்கு ஒரு முக்காடு, நழுவாமல் நிற்க வேண்டுமாம்.

இருபதாம் தேதிக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. நாளைக்குள் பார்சல் உன் கைக்கு வந்துவிடும். ஒரு உடுப்பு தைக்க உனக்கு அது தாராளம். மகாதேவன் சாரிடம் நோட்டைக் காட்டு. தகவல் பிந்தியதற்குக் காரணம் கேட்டால் என் வீட்டுக்காரர் மடத்தனம் என்று சொல், பெயரையும் சொல். என்னை நீ திட்டுவதற்குப் பதினெட்டாவது நாளிலிருந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கிறது, அதுவரை தையலைப் பார்.

பார்சலைப் பிரிக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளாதே. பத்தாவது உடுப்பை அலசாமல்தான் வைத்திருக்கிறேன். எந்தத் தையல் விட்டது என்று கேட்டாயே, மூன்று வாரம் அருவியில் நின்றும் ஒரு தையல்கூட விடவில்லை.

குழலிக்குச் சளி போய்விட்டது. செப்டம்பர் மாதத்துக் காலண்டர் தாளில் அம்மா வருகிறாள் என்று பூப் படம் வரைந்து வைத்திருந்தாள். நேற்று அவளிடம், அம்மாவுக்கு அங்கேயே வேலை கிடைத்தாலும் கிடைக்கும் என்றேன். அப்ப நாம போவோம், நீங்க ஜடைதான் பின்னுதீயளே என்றாள். எனக்கு மூன்று வாரமாகத் தோன்றாதது இந்தப் பிள்ளைக்கு ஒரு நிமிஷத்தில் தோன்றிவிட்டது. சீசன் மூன்று மாதம், ஐயப்ப சீசன் இரண்டு மாதம். மற்ற மாதங்களில் நான் கடையைத் திறப்பதே சாயங்காலம் பூட்டுவதற்குத்தான்.

உன் கை நன்றாக ஓடட்டும். இருபதாம் தேதி குழல்வாய்மொழி அம்மனுக்கு உன் பேரில் அர்ச்சனைக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். நேரம் கிடைத்தால் ஒன்று மட்டும் செய், உன் விடுதிக்குப் பக்கத்தில் இரண்டாம் வகுப்பில் நடுவில் சேர்த்துக்கொள்கிற பள்ளிக்கூடம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்து வை.

உன்,
தில்லைநாயகம்.